என் சீடையால் போன வேலை

லஞ்ச ஒழிப்புத் துறையில் இருந்த ஒரு நல்ல அதிகாரியின் வேலையை, ஒரு தூக்குச்சட்டி சீப்புச்சீடையைக் கொடுத்து நான் காலி செய்துவிட்டேன் என்று நம்பினேன். சந்தேகப்பட்டேன் என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். ஆனால் நம்பினேன் என்பதுதான் உண்மை. குன்றக்குடி முருகன் மேல்கூட அவ்வளவு உறுதியாக நம்பிக்கை வைத்ததில்லை. குளிக்கும்போது, விலங்கு மாட்டினால் கைக்கடிகாரத்தை முதலிலேயே கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று திட்டம்கூடப் போட்டேன்.

நானும் என் மனைவியும் காரைக்குடியில் பலகாரம் செய்து விற்கிறோம். அவள் செய்கிறாள், நான் விற்கிறேன். விற்பதைவிட ருசி பார்ப்பதுதான் அதிகம் என்பது அவளுடைய கட்சி. கல்யாண வீடுகளுக்கு, மகளைக் கட்டிக்கொடுத்த வீடுகளுக்கு, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து திரும்புகிறவர்களுக்கு என்று மாவுருண்டையும் மணகோலமும் அதிரசமும் போகும். நிறையக் கேட்டு வருவது, சீப்புப் பல்போல வரி விழுந்த சீப்புச்சீடை.

இந்த அடுப்படியைக் கொஞ்சம் பெரிதாக்க ஓர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். அங்கே ஒருவர், "பாத்துச் செய்யிங்க" என்றார். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாதக்கணக்கில் பார்த்தபிறகுதான் அவர் எதைச் செய்யச் சொல்கிறார் என்பது எனக்கு விளங்கியது. கொடுத்துத் தொலைப்போம் என்றுதான் நான் சொன்னேன். அந்த மகராசிதான் முடியாது என்றாள். "நான் அடுப்புல வெந்து சம்பாரிக்கிறதக் கொண்டுபோயி, காத்தாடிக்குக் கீழ உக்காந்துருக்கவருக்குக் குடுக்கவா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்வதைவிட சிவகங்கையில் இருக்கும் லஞ்ச ஒழிப்பு அலுவலகத்துக்கு பஸ் ஏறுவது சுலபமாக இருந்தது. ஏறினேன்.

அங்கேதான் அந்த அதிகாரியைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், இஸ்திரி கலையாத சட்டை. வீடு காரைக்குடியிலேயே, எங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது என்பது அப்புறம் தெரிந்தது. நான் உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டீகளா?" புகார் கொடுக்க வந்தவனிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் நான் என்ன செய்வேன், சாப்பாட்டைப் பற்றியே வெகுநேரம் பேசினேன். அவர் குறுக்கிடவில்லை. மணகோலத்துக்குப் பாகு பதம் வரைக்கும் கேட்டுவிட்டு, "சரி, இப்ப அந்த ஆளப் பத்திச் சொல்லுங்க" என்றார். பயம் போயிருந்தது, சொல்லிவிட்டேன்.

பொறி வைக்கிற அன்றைக்குப் பயம் திரும்ப வந்துவிட்டது. ரசாயனப் பொடி தடவிய நோட்டுகளை என் சட்டைப்பையில் வைத்தார்கள். அதை அந்த ஆள் கையில் வாங்கியதும் நான் துண்டால் முகத்தைத் துடைக்க வேண்டும், அதுதான் அடையாளம், வெளியே நிற்பவர்கள் உள்ளே வருவார்கள் என்று ஒருவர் விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் நான் பலமுறை துடைத்துவிட்டேன். எனக்கு வியர்க்கிற உடம்பு. அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்து அப்படி ஆகிவிட்டது.

அதிகாரி பார்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணே, ஆளு இன்னும் பணத்தத் தொடல, நீங்க இதுக்குள்ள அவரப் பல தடவ புடிச்சுட்டீக" என்றார். என் தோளிலிருந்து துண்டைத் தானே எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். "மூக்குக்கண்ணாடியக் கழட்டுங்க. அது போதும்."

கழற்றினேன். அதனால் அந்த ஆள் பிடிபட்ட பெரிய காட்சியை நான் சரியாகப் பார்க்கவில்லை. கலங்கலாகச் சிலர் ஓடி வந்தார்கள், கலங்கலாக ஒரு கண்ணாடித் தம்ளரில் அந்த ஆள் கை கழுவிய தண்ணீர் இளஞ்சிவப்பானது. இன்றுவரை என்னால் ரோஸ் மில்க் குடிக்க முடிவதில்லை. எல்லாம் முடிந்து நான் வியர்த்து வழிந்து மரபெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் வந்து துண்டை என் மடியில் வைத்தார். "இப்பத் தொடைங்க."

கையெழுத்து கிடைத்தது. கூடவே பிடிபட்டவருக்கு வேண்டிய சிலருடைய கோபமும் கிடைத்தது. கடை முன்னால் வண்டியை நிறுத்தி, ஒன்றும் வாங்காமல், ஒன்றும் பேசாமல், முறைத்துவிட்டுப் போவார்கள். நான் ஒருமுறை போனில் அதிகாரியிடம் அழாத குறையாகச் சொன்னேன். எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று மட்டும் அவர் கேட்டார். மறுநாளிலிருந்து சாயங்கால நடையை எங்கள் தெரு வழியாக மாற்றிக்கொண்டார். கடைக்கு எதிரே வந்து சற்று நேரம் நிற்பார், போன் பார்ப்பார், போய்விடுவார். கடைக்குள் வரமாட்டார். நான் ஒரு நாள் தட்டில் அதிரசத்தோடு ரோட்டைக் கடந்து ஓடினேன். "வேணாண்ணே. நீங்க என் கேஸுல சாட்சி. ஒங்க கையால தண்ணி குடிச்சாலும் நாளைக்கு அந்தப் பக்கத்து வக்கீலு கேப்பாரு" என்றார். கொஞ்ச நாளில் முறைக்கிறவர்கள் வருவது நின்றது. நின்ற பிறகும் அவர் நடையை மாற்றவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒன்றும் செய்யாமல் எப்படி இருப்பது? நன்றி என்பது எனக்கு வயிற்றில்தான் ஊறும். அதை யாருக்காவது சாப்பிடக் கொடுத்தால்தான் இறங்கும். தீபாவளிக்கு முந்தின நாள் காலை, மனைவிக்குத் தெரியாமல், ஒரு தூக்குச்சட்டி நிறைய சீப்புச்சீடையும் மேலே நாலைந்து மாவுருண்டையும் வைத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டுக் கேட்டின் கொண்டியில் மாட்டினேன். மணியை அடித்தேன். ஓடிவந்துவிட்டேன். ஐம்பது வயதுக்கு மேல் எதிலிருந்தும் நான் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதுப் பாத்திரத்தைப் பெயர் வெட்டாமல் நாங்கள் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டோம். விசேஷ வீட்டில் நூறு வீட்டுப் பாத்திரம் கலந்து கிடக்கும். பெயர் இல்லாத பாத்திரம் போனது போனதுதான். அதனால் கடையிலேயே உட்கார்ந்து வெட்டி வாங்குவோம். என் தொழிலுக்குப் பாத்திரம் ஊரெல்லாம் சுற்றும் என்பதால் என் இனிஷியல், பெயர், தெரு எல்லாவற்றையும் வெட்டச் சொல்லியிருந்தேன். அந்தத் தூக்கை எங்கே தொலைத்தாலும் தபால்காரர் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். ரகசியமாகக் கொடுக்கிறோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு என் முழு விலாசத்தையும் அதிகாரியின் கேட்டில் மாட்டியிருந்தேன்.

தீபாவளி போய்க் கொஞ்ச நாள் இருக்கும். அவர் நடந்து வருவது நின்றுவிட்டது. வெளியூர் போயிருப்பார் என்று நினைத்தேன். அப்போதுதான் எங்கள் முக்கு டீக்கடையில் சேதி வந்தது. டீக்கடைக்காரன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், முறைக்கு மாப்பிள்ளை ஆகவேண்டும்.

"மாப்ள, ஒன் ஆளு வேலைய விட்டுட்டாராம்ல" என்றான்.

"எந்த ஆளு?"

"அதான், ஒனக்காகப் பொறி வச்சாரே, அவருதேன். ராசினாமா எழுதிக் குடுத்துட்டாராம்."

"எதுக்காம்?"

"கை நீட்டிட்டாருன்னு பேசிக்கிறாய்ங்க. வீட்டுக் கேட்டுலயே கொண்டாந்து மாட்டிட்டுப் போனாகளாம். தூக்குச்சட்டியில. மேல பலகாரம், அடியில நோட்டு."

டீ என் மூக்கு வழியாக வந்தது. இந்த வதந்தி எங்கே பிறந்தது என்பதை அப்போது நான் யோசித்திருக்க வேண்டும். தூக்குச்சட்டி மாட்டிய காலையில், பெருமை தாங்காமல், இதே கடையில் இதே மாப்பிள்ளையிடம் நான்தான் அதைச் சொல்லியிருந்தேன். அவன் ஒருவனிடம் சொல்ல, அது பஸ் ஸ்டாண்டுப் பக்கமெல்லாம் சுற்றி, அடியில் நோட்டும் வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. நான் பெற்ற பிள்ளை மீசை வளர்த்துக்கொண்டு வந்து நிற்க, அடையாளம் தெரியாமல் நானே கும்பிட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பலகாரம் மட்டும் இறங்கியது. பயத்தில் கை தானாகப் போய்விடும். என் கணக்கு இப்படி ஓடியது. அவர் வாங்கியதாக எவனோ எழுதிப் போட்டுவிட்டான். சோதனை போட்டிருக்கிறார்கள். தூக்குச்சட்டி கிடைத்திருக்கிறது. அதில் என் பெயர். மானமுள்ள மனிதர், விசாரணைக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்தது நான். அதற்கும் மேலே ஒன்று இருந்தது. வழக்கு விசாரணைக்கு வரப்போகிறது. நான் முதல் சாட்சி. பிடித்த அதிகாரியே கெட்டவர் என்று ஆகிவிட்டால் பிடிபட்டவர் மாலை போட்டுக்கொண்டு வெளியே வருவார். முறைக்கிறவர்கள் திரும்பி வருவார்கள். எதிர்ப்பக்கம் நிற்க ஆள் இருக்கமாட்டார்.

குன்றக்குடிக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். அப்புறம் தலையைத் தடவிப் பார்த்தேன். இருக்கிற முடிக்கு மொட்டை என்று சொல்வதே முருகனை ஏய்ப்பது. அதோடு, காரியம் நடக்க வேண்டும் என்று கொடுப்பதாகச் சொல்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று வேறு சந்தேகம் வந்துவிட்டது. வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

கடைசியில் மனைவியிடம் போய், "ஏத்தா, நம்ம தூக்குச்சட்டியில ஒண்ணு கொறையுதா?" என்று கேட்டேன்.

"எத்தன இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான கொறையுறது தெரியும். என்னத்தப் பண்ணி வச்சீக?"

சொன்னேன். அவள் மாவு பிழிகிற சீடைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒங்க சீடையத் தின்னு ஒருத்தரு வேலைய விட்டாருன்னா, பல்லு போயித்தேன் விட்டுருப்பாரு."

"நீ செஞ்ச சீடைதான அது?"

"நான் செஞ்சது பூவாட்டம் இருக்கும். வேணாம்னு சொன்ன மனுசருக்குக் கொண்டுபோயி மாட்டுனீகள்ல, அதுல கல்லாப் போயிருக்கும்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அவருக்கு நெசமாவே கெட்ட பேரு வந்துருந்தா, அவருக்குத் தெரியாது, நாந்தேன் மாட்டுனேன்னு நீங்க போயிச் சொல்லணும். எங்க வேணாலும் வந்து சொல்லணும். சொல்லுவீகளா?"

"சொல்லுவேன்."

"வேர்க்குது பாருங்க."

மறுநாள் காலை ஸ்கூட்டரில் கிளம்பினேன். அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள். துணைக்கு என்றாள், பாதி வழியில் திரும்பிவிடாமல் இருப்பதற்கு என்று நான் புரிந்துகொண்டேன். வழியெல்லாம் பேச வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். "மதிப்பிற்குரிய அய்யா" என்று தொடங்கி, "எந்தத் தண்டனைக்கும் தயார்" என்று முடித்தேன். அப்புறம் அந்தத் தண்டனையை மட்டும் எடுத்துவிட்டேன்.

கேட் திறந்திருந்தது. உள்ளே சிமெண்டு முற்றத்தில் அதிகாரி பனியனும் கைலியுமாகப் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அவர் மனைவி முன்னோக்கி வந்துகொண்டிருந்தார். அந்த அம்மாவின் ஒரு கால் சரியாக எடுத்து வைத்தது, இன்னொன்று தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. "அதேன்... இன்னொரு எட்டு. என்னையப் பாரு, தரையப் பாக்காத. வந்துட்டோம்ல" என்று அதிகாரி சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு மனைவி இருக்கிறார் என்பதையே நான் அதுவரை யோசித்ததில்லை. அவர் சாயங்காலங்களில் எதிர்ப்பக்கம் நிற்பவர், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

எங்களைப் பார்த்ததும், "வாங்கண்ணே, வாங்கக்கா. செத்த இருங்க" என்றார். மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, அந்தக் காலை இரு கையாலும் எடுத்துச் சின்ன முக்காலியில் வைத்துவிட்டு வந்தார்.

நான் மதிப்பிற்குரிய அய்யாவை மறந்துவிட்டேன். "சார், நாந்தேன் சார். ஒங்களுக்குத் தெரியாது சார். எங்க வேணாலும் வந்து சொல்றேன் சார்."

"எதச் சொல்லப் போறீக?"

"தூக்குச்சட்டி சார். கேட்டுல மாட்டுனது. அதுனாலதான ஒங்க வேலை..."

அவர் எங்களுக்கு எதிரே படியில் உட்கார்ந்தார். "அது அன்னைக்கே ஒங்க கடைக்கு வந்துருச்சேண்ணே. தொறந்துகூடப் பாக்கல. ஏட்டுட்ட குடுத்து அனுப்பிட்டேன். பேரு, இனிசியலு, தெரு, எல்லாம் இருந்துச்சு. கள்ளத்தனம் பண்றவுக யாராச்சும் விலாசம் வெட்டிப் பண்ணுவாகளா?"

"கடைக்கு வரலையே சார்" என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம், கடையில் கூட்டம் நெரிகிற நேரம், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மேசையில் ஒரு தூக்கை வைத்து என்னமோ சொல்லிவிட்டுப் போனார். ஆர்டருக்கு வந்த காலிப் பாத்திரம் என்று எடுத்தேன், கனத்தது. திறந்தேன், மேலே மாவுருண்டை, கீழே சீப்புச்சீடை. நான் பசியோடு இருப்பேன் என்று மனைவி உள்ளேயிருந்து கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்று மனம் நெகிழ்ந்து, மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து நானே தின்றேன். பதம் பிரமாதம் என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தியதுகூட ஞாபகம் வந்தது.

என் முகத்தைப் பார்த்தே மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "அன்னைக்கு மத்தியானம் சோறு வேணாம்னீகளே. அதானா?"

அதிகாரி சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. "குடுத்ததும் நீங்க, வாங்குனதும் நீங்க. பொறி வச்சுருந்தா ஒரே கையத்தேன் ரெண்டு தடவ கழுவி எடுத்துருக்கணும்" என்றார். நாற்காலியில் இருந்த அவர் மனைவிக்கும் சிரிப்பு வந்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அது போதுமான சிரிப்பாக இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் நான் மெதுவாகக் கேட்டேன். "அப்ப கேஸு, சார்? நீங்க இல்லைன்னா..."

"சீட்டுலதேன் இருக்க மாட்டேன். பாத்தது பாத்ததுதான? சம்மன் வந்தா வருவேன். நீங்க சொல்றத நீங்க சொல்லுங்க, நான் பாத்தத நான் சொல்றேன். துண்ட மட்டும் வீட்டுல வச்சுட்டு வாங்க." அப்படியே எழுந்து, "டீ போடுறேன்" என்று உள்ளே போனார். பிறகு எதற்காக வேலையை விட்டார் என்று நான் கேட்காமல் விட்ட கேள்வி முற்றத்திலேயே நின்றது.

சொன்னபடி வந்தார். சிவகங்கை கோர்ட்டில் எனக்குப் பக்கத்தில் அதே மரபெஞ்சு மாதிரி ஒரு பெஞ்சில், பஸ் டிக்கெட்டைக் கடிகார வாருக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதவி இல்லாத ஆளாக வந்தவரை வாசலில் உட்கார்ந்திருந்த காவலர்கள் எழுந்து கும்பிட்டார்கள். அந்தப் பக்கத்து வக்கீல் என்னை என்னென்னவோ கேட்டார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். கூண்டிலிருந்து பார்த்தபோது, திறந்த கதவு வழியாக அவர் வெளியே பெஞ்சில் தெரிந்தார், எதிர்ப்பக்கம் நிற்கிற அதே முகத்தோடு. எனக்கு வியர்க்கத்தான் செய்தது, ஆனால் நாக்கு குழறவில்லை. தீர்ப்பு வரும்போது வரட்டும். எனக்கு வர வேண்டியது அன்றைக்கே வந்துவிட்டது. என் வாழ்நாளில் என்னைப் பார்த்து, இவன் சொல்வது மெய் என்று எடுத்துக்கொண்டு, அதற்காகத் தன் சாயங்காலங்களைக் கொடுத்த ஆள் அவர் ஒருவர்தான். மனைவியைச் சேர்த்தால் இரண்டு பேர். ஆனால் அவள் நான் சொல்வது மெய் என்று எடுத்துக்கொண்டதே இல்லை.

டீக்கடை மாப்பிள்ளையிடம் நடந்ததைச் சொல்லி, அடியில் இருந்த நோட்டை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டான். ஆனால் ஊருக்குக் காரணம் வேண்டும். மேலிடத்து நெருக்கடி என்றார்கள், கட்சியில் சேரப்போகிறார் என்றார்கள், வெளிநாட்டில் மகன் கூப்பிட்டுவிட்டான் என்றார்கள். அவருக்கு மகனே இல்லை.

அன்று முற்றத்திலிருந்து அவர் டீ போட உள்ளே போனபோது, அவர் மனைவிதான் உண்மையான காரணத்தைச் சொன்னார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். "என்னாலதேன்" என்று தொடங்கினார். என் மனைவி போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தீபாவளி கழிந்த வாரத்தில் அந்த அம்மாவுக்கு மறுபடியும் பக்கவாதம் வந்திருக்கிறது. முதல் முறை வந்தபோதே அதிகாரி இருந்த விடுப்பையெல்லாம் எடுத்துத் தீர்த்திருந்தார், சம்பளமில்லாத விடுப்பு உட்பட. காலையும் மாலையும் கையைப் பிடித்து நடக்கவைக்க வீட்டில் வேறு ஆள் இல்லை. தனக்கே உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் இன்னும் விடுப்பு கிடைக்கும், எல்லாரும் செய்வதுதான் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எனக்கு ஒன்றுமில்லையே, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் ராஜினாமாவை எழுதிக் கொடுத்தார்.